தோற்றவனுக்கும் ஒரு கல்

விழிஞ்ஞம் என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது புதிய துறைமுகம்தான். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் இங்கு வந்து நின்றது. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கரையை ஒட்டியே கடல் நல்ல ஆழம். உலகக் கப்பல்கள் போகும் பாதையோ கூப்பிடு தூரம். இதுவரை கொழும்புக்குப் போய் இறங்கி ஏறிய இந்தியச் சரக்குகள் இனி இங்கேயே கைமாறும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு செலவும் செய்யப்பட்டது.

இந்த ஆழம் இன்று நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மன்னர்களுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் விழிஞ்ஞத்துக்காக அவர்கள் மாறி மாறி வெட்டிக்கொண்டு மாண்டார்கள்.

மீனவர் குடியிருப்புகளுக்கு நடுவே பாறையைக் குடைந்து செய்த சிறு கோயில் ஒன்று இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதன் வெளிப்புறப் பாறையில் சிவனும் பார்வதியும் பாதி செதுக்கப்பட்ட நிலையில் நிற்கிறார்கள். சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வரவே இல்லை. பக்கத்திலேயே பழைய கோட்டை இருந்த இடம். கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டிப் பார்த்தபோது மதிலின் எச்சமும், மேற்கு ஆசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. ஆய் மன்னர்கள் ஆண்ட காலத்து விழிஞ்ஞம் அது.

அண்ணன் தம்பிச் சண்டை

ஆய் வேளிர் பொதியமலை நாட்டவர். வடக்கே சேரர், கிழக்கே பாண்டியர். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே, ஆழமான துறைமுகம் ஒன்றைக் கையில் வைத்திருந்த சிறிய அரசு. அதன் கதி என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

பாண்டியன் நெடுஞ்சடையன் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விழிஞ்ஞத்தின் மீது படையெடுத்தான். அவனுடைய சீவரமங்கலச் செப்பேடு, வானளாவிய மதிலும் ஆழ்ந்த அகழியும் கொண்ட விழிஞத்தை அழித்து, அதன் மன்னனை வென்று, யானை, குதிரை, பெருஞ்செல்வம் எல்லாம் கைக்கொண்டதாகப் பெருமையோடு பேசுகிறது. கோட்டையை எவ்வளவு உயர்த்திச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு வெற்றியும் உயரும் அல்லவா!

சண்டை அத்தோடு முடியவில்லை. அவனது 23ஆம் ஆட்சியாண்டில் மலைநாட்டுச் சடையன் கருநந்தன் மீது மறுபடியும் படை நடந்தது. அதில் மாண்ட இரண்டு வீரர்களின் பெயரால் கழுகுமலையில் சமணத் துறவியருக்குச் சோறு போட நிலம் விட்டார்கள். 27ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய கி.பி. 792இல், சேரமானாரின் படை களத்தில் இறங்கியது. விழிஞத்திலும் கரைக்கோட்டையிலும் கடும் போர். அந்தப் போரில் பாண்டியன் பக்கம் நின்று உயிரைக் கொடுத்தவன் ரணகீர்த்தி என்னும் அரண்மனைச் சேவகன். அவன் பெயரும் போரும் வட்டெழுத்தில் பொறித்த கல்லைத்தான் ‘திருவனந்தபுரம் அருங்காட்சியகக் கல்வெட்டு’ என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

ஒரு சேவகனுக்குக் கல்! ராஜாக்களின் பட்டப் பெயர்களே பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும் நம் சாசனங்களில், அரண்மனையில் வேலை பார்த்த ஒருவன் பெயர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் அழியாமல் நின்றிருப்பது சாதாரண விஷயமல்ல.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அதே போரில் ஆய் நாட்டுக்காகவும் சேரனுக்காகவும் மாண்டவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் என்ன? கழுகுமலைக் கல்வெட்டும் சொல்லவில்லை, செப்பேடும் சொல்லவில்லை. மதிலைக் காத்து நின்றவன் பேசியதும் தமிழ்தான். மதிலேறி வந்தவன் பேசியதும் தமிழ்தான். இரு தரப்பும் எழுதியது அதே வட்டெழுத்து. கும்பிட்ட சாமியும் வேறல்ல. சேரன், பாண்டியன், ஆய் வேள் என்று பெயரைப் பிரித்துச் சொல்லுகிறோமே தவிர, இது ஒரு வீட்டுச் சண்டை. இன்றைய பாஷையில் உள்நாட்டுப் போர் என்றால் மிகையாகாது.

பிறகு சோழர்கள் வந்தார்கள். முதலாம் இராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் கைவைத்த கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். விழிஞத்துக்கு இராஜேந்திர சோழப் பட்டினம் என்று சோழர்கள் புதுப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஊரில் ஒட்டவில்லை. விழிஞ்ஞம் விழிஞ்ஞமாகவே இருக்கிறது.

கழுதை பூட்டிய ஏர்

களத்தில் விழுந்தவனுக்குக் கல் நடுவது தமிழரின் பழைய வழக்கம். கல்லைத் தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, பெயர் பொறித்து நடுவது, படையல் வைப்பது என்று தொல்காப்பியம் அதற்கு முறையே வகுத்திருக்கிறது. மயிற்பீலி சூட்டிக் கள் படைத்த நடுகற்களைச் சங்கப் புலவர்கள் வழிநெடுகப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கல் நம்மவனுக்கு. எதிரிக்கு என்ன செய்தார்கள்? தோற்றவனுடைய ஊரைக் கொளுத்தி, கழுதைகளை ஏரில் பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைத்தார்கள். அங்கே ஒரு ஊர் இருந்தது என்ற அடையாளமே மிஞ்சக் கூடாது என்பதுதான் நோக்கம். இதையும் அதே சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். பாடியதோடு, அதை மன்னனின் புகழாகவும் சேர்த்திருக்கிறார்கள். நம் பழம்பெருமையைப் பேசும் மேடைகளில் இந்தக் கழுதை ஏர் மட்டும் ஏனோ தலைகாட்டுவதில்லை.

எனினும் எதிர்த்துப் பேசிய குரலும் இருந்தது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டான். வெற்றிக் களிப்பில் இருந்த கரிகாலனைப் பாட வந்தவர் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண் புலவர். உன்னைக் காட்டிலும் அவனல்லவா மேலானவன் என்று மன்னன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்! நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொண்டபோது கோவூர் கிழார் குறுக்கே போய், இருவரும் சூடியிருப்பது ஆத்தி மாலை, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று புத்தி சொன்னார். தோற்றவனுக்குத் தமிழில் முதலில் கிடைத்தது கல்லல்ல, ஒரு பாட்டு.

குளம் தோண்டிய கதை

கேரளத்தில் வாழும் தமிழர்களுக்கு மலையாளத்தில் ‘குளம் தோண்டுவது’ என்ற சொல் பழக்கம். ஒரு காரியத்தை அடியோடு கெடுத்துவிட்டால் குளம் தோண்டிவிட்டான் என்பார்கள். எதிரியின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த மனையைத் தோண்டிக் குளமாக்கிவிடும் பழைய தண்டனையிலிருந்து வந்தது இது. கழுதை ஏருக்குத் தம்பி என்று சொல்லலாம்.

திருவாங்கூரில் இந்தத் தண்டனை பெரிய அளவில் நடந்தது மார்த்தாண்ட வர்மா காலத்தில். அவர் 1729இல் பட்டத்துக்கு வந்தார். மருமக்கள் தாய முறைப்படி அரசு மருமகனுக்கு. முந்தைய மன்னர் ராம வர்மாவின் பிள்ளைகளான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அரசு தங்களுக்கே என்றார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமார் அவர்கள் பக்கம் சேர்ந்தனர். திருச்சியிலிருந்து அழகப்ப முதலியாரின் படையும் துணைக்கு வந்தது. முடிவில் தம்பிமார் நாகர்கோவில் அரண்மனையில் கொல்லப்பட்டனர். பிள்ளைமாருக்கு மரண தண்டனை. அவர்கள் வீடுகள் இடிக்கப்பட்டுக் குளம் தோண்டப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று திருவாங்கூர் வரலாறு எழுதியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்குத் துறையேற்றம் என்று பெயர்.

வென்றவர் கட்டிய ராஜ்யம் பெரியது. அவர் மீது எழுதப்பட்ட புகழும் பெரியது. 1891இல் சி.வி. ராமன் பிள்ளை எழுதிய ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலில் தம்பியும் பிள்ளைமாரும் வில்லன்கள்தான். ஆனால் தென் திருவாங்கூரின் தமிழ்க் கிராமங்களில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. கோயில் கொடைகளில் வில்லடித்துப் பாடிய தம்பிமார் கதை, தோற்றவர் பக்கம் நின்று பாடுகிறது. அதில் சண்டைக்குக் காரணம் சிம்மாசனம் மட்டுமல்ல. தம்பிமாரின் தங்கையை ராஜா பெண் கேட்டதுதான். எது உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடட்டும். கல் நட முடியாத இடத்தில் சனங்கள் வில்லை நட்டார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

வென்ற மன்னருக்கும் மனம் நிம்மதியாக இருக்கவில்லை என்றே தோன்றுகிறது. பத்மநாப சுவாமி கோயிலில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, 56 நாட்கள் வேதம் ஓதி நடக்கும் முறஜபத்தை ஏற்படுத்தியவர் மார்த்தாண்ட வர்மாதான். போர்களில் சிந்திய ரத்தத்தின் பாவம் தீர அவர் செய்த பிராயச்சித்தம் அது என்பது மரபு. கோட்டைக்குள் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் லட்சதீபம் பார்க்காதவர் உண்டா? அந்த விளக்குகளுக்குப் பின்னால் எட்டு வீடுகளின் இருட்டு இருப்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

உதயகிரியில் தமிழ் எழுத்து

அதே மார்த்தாண்ட வர்மா வேறொரு எதிரியை நடத்திய விதம் முற்றிலும் வேறு. 1741 ஆகஸ்டு 10ஆம் தேதி குளச்சலில் டச்சுக்காரரின் படை திருவாங்கூர் படையிடம் சரணடைந்தது. ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை இந்திய அரசு ஒன்று இப்படித் தோற்கடித்தது அபூர்வம். அதன் நினைவாகக் குளச்சல் கடற்கரையில் வெற்றித் தூண் நிற்கிறது.

சிறைப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டி லனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சி தரும் வேலையைக் கொடுத்தார். கைதி படிப்படியாக உயர்ந்து தளபதியானார். ஊரார் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்று அழைத்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாம் தோற்ற அரசுக்கே உழைத்து 1777இல் கண்ணை மூடினார். தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள், கூரையிழந்த சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. மேலே லத்தீன் எழுத்து. அதோடு தமிழ் எழுத்தும் உண்டு! திருவனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கடல் கடந்து வந்த எதிரிக்குக் கல்லறை. கூடப் பிறந்தவர்களைப் போன்ற எதிரிகளுக்குக் குளம். வெள்ளைக்காரத் தளபதியால் மன்னருக்குப் பயன் இருந்தது, பிள்ளைமாரால் ஆபத்து இருந்தது என்று இதற்கு அரசியல் விளக்கம் சொல்லலாம். இருந்தாலும், அந்நியப் பகையை மறப்பதைவிட வீட்டுப் பகையை மறப்பதுதான் கஷ்டம் என்பது உலகம் முழுவதும் கண்ட அனுபவம். பக்கத்து நாட்டிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது.

எல்லாளனின் மேடு

விழிஞ்ஞத்துக்குத் தென்கிழக்கே கடலுக்கு அப்பால் இலங்கை. அங்கே அநுராதபுரத்தில் சோழ நாட்டிலிருந்து போன எல்லாளன் 44 ஆண்டுகள் அரசாண்டான். நீதி தவறாதவன் என்று, அவனை எதிரியாகக் கருதிய மகாவம்சமே புகழ்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் துட்டகைமுனு அவனை எதிர்த்து வந்தான். இறுதியில் இருவரும் யானைமீது தனித்துப் பொருதனர். எல்லாளன் விழுந்தான்.

அதன்பின் துட்டகைமுனு செய்த காரியம் நம் சங்க கால மன்னர்கள் எவரும் செய்யாதது. விழுந்த எதிரிக்கு அரச மரியாதையுடன் ஈமக்கடன் செய்தான். அவ்விடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடும் ஏற்படுத்தினான். அதைக் கடந்து போகும் எவரும், அரசனே ஆனாலும், மேளதாளத்தை நிறுத்திவிட வேண்டும் என்று ஆணையிட்டான். ஆணை காகிதத்தோடு நிற்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, 1818இல் ஆங்கிலேயரை எதிர்த்த கிளர்ச்சி தோற்று உயிருக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்த பிலிமத்தலாவை என்ற கண்டிப் பிரபு, அந்த இடம் வந்ததும் பல்லக்கிலிருந்து இறங்கி, கடந்து முடித்துவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே போனாராம். துரத்தி வருகிறவர்கள் பின்னால் இருக்கும்போது!

இவ்வளவு பழைய மரியாதை எப்போது குலைந்தது தெரியுமா? 20ஆம் நூற்றாண்டில்தான். எல்லாளன் சமாதி என்று மக்கள் தலைமுறை தலைமுறையாக வணங்கிய மேடு உண்மையில் தக்கிண தூபம் என்ற பௌத்தச் சின்னம் என்று தொல்லியலார் கூறினர். அங்கே கிடைத்த சாம்பல் எல்லாளனுடையதல்ல, துட்டகைமுனுவினுடையது என்ற வாதம் எழுந்தது. 1980ஐ ஒட்டி அரசு மட்டத்திலேயே அது ஏற்கப்பட்டது. யாழ்ப்பாணத்து அறிஞர் ஜேம்ஸ் ரத்தினம் 1981இல் மறுப்பு நூல் எழுதினார். தொல்லியலார் சொன்னது சரியாகவே இருக்கலாம். மேட்டுக்குள் யாருடைய சாம்பல் இருந்தது என்பதா முக்கியம்? வென்றவன் தோற்றவனுக்குத் தலைவணங்கிய ஒரே இடத்தில் தோற்றவன் பெயர் எடுக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1983இல், உள்நாட்டுப் போர் மூண்டது.

உழப்பட்ட கல்லறைகள்

போர் 2009 மே மாதம் முல்லைத்தீவுக் கரையில் முடிந்தது. 26 ஆண்டுகள், இரு பக்கமும் உயிர்ப் பலி. இறுதி மாதங்களில் சிக்கி மாண்ட பொதுமக்கள் எத்தனை ஆயிரம் என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை.

வெற்றி பெற்ற அரசு நினைவுச் சின்னங்களை எழுப்பியது. ஆனையிறவில் ஒன்று. கிளிநொச்சியில் துப்பாக்கிக் குண்டு பிளந்த கான்கிரீட் சுவரிலிருந்து தாமரை முளைப்பது போல ஒன்று. புதுக்குடியிருப்பில் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கொடியுமாக நிற்கும் சிப்பாய். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்துப் போனார்கள். மகனைப் பறிகொடுத்த சிங்களத் தாய்க்கு அந்தச் சிலையருகே ஒரு பூ வைக்கும் உரிமை உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது.

சுற்றியிருக்கும் கிராமத்தில் மகனைப் பறிகொடுத்த தமிழ்த் தாய்க்கு என்ன இருந்தது? விடுதலைப் புலிகள் தங்கள் வீரர்களைப் புதைத்த இடங்களுக்குத் துயிலும் இல்லம் என்று பெயர். வரிசை வரிசையாகக் கல்லறைகள். போர் முடிந்ததும் அவை புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தை அடுத்த கோப்பாயில் கல்லறைகள் இருந்த நிலத்தின் மீது ராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் கட்டி, 2011 மார்ச்சில் திறக்கப்பட்டது. கழுதைக்குப் பதில் புல்டோசர். குளத்துக்குப் பதில் முகாம்.

இறந்தவன் எந்த இயக்கத்தில் இருந்தான் என்பது அரசுக்கு முக்கியம். அவன் அம்மாவுக்கு அவன் பிள்ளை, அவ்வளவுதான்.

இதில் தமிழர் தரப்புக் கணக்கும் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் பேச்சில் நியாயம் இருக்காது. 1986இல் டெலோ இயக்கத்துப் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றவர்கள் வேறு யாருமல்ல, புலிகளே. அந்தப் பிள்ளைகளுக்குத் துயிலும் இல்லங்களில் இடமில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். குண்டு துளைத்த சுவரை அவ்வூரார் இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டனர். தோற்றவர்களிடம் தோற்றவர்கள் என்று ஒரு கூட்டம் எந்தப் போரிலும் உண்டு. அவர்களுக்குக் கல் நட இரு பக்கத்தாரும் முன்வருவதில்லை.

இலங்கை அரசுக்கு எதிரியை நினைக்க அனுமதிக்கும் பழக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1971இலும் மறுபடி 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் எடுத்து அரசைக் கவிழ்க்கப் பார்த்த சிங்கள இளைஞர்களின் கட்சி ஜே.வி.பி. அவர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். ஆனால் தலைவர் ரோகண விஜேவீர கொல்லப்பட்ட நவம்பர் 13ஆம் தேதியை அவர்கள் ஆண்டுதோறும் பகிரங்கமாக அனுஷ்டிக்கிறார்கள். அதே கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024இல் நாட்டின் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார். நவம்பர் 13க்கு ஒரு நீதி, நவம்பர் 27க்கு ஒரு நீதியா என்று யாழ்ப்பாணத்தில் கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

இந்தியச் சிப்பாய்களின் கதையும் உண்டு. 1987இல் போய் 1990இல் திரும்பிய அமைதிப் படையில் ஏறக்குறைய 1,200 பேர் திரும்பி வரவில்லை. அந்தப் படை வெளியேற வேண்டும் என்று கொழும்பே கெடு வைத்த காலம் ஒன்று இருந்தது. பின்னாளில் கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் மாண்டவர்களுக்கு நினைவிடம் எழுந்தது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் அங்கே மலர் வைத்தார். வேண்டாத விருந்தாளிக்குக் கூடக் கல் கிடைத்தது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து

காலம் போனால் சரியாகிவிடும் என்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் நடந்தது. மூன்றே நாளில் ஏறக்குறைய 51,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1913இல், இரு தரப்பிலும் உயிரோடு இருந்த கிழவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதே களத்தில் கூடினார்கள். எந்தச் சுவரின் இருபுறமும் நின்று சுட்டுக்கொண்டார்களோ அதே சுவரின் மேலாகக் கைகுலுக்கிக் கொண்டார்கள். 1938இல் அங்கே அணையாத சமாதான தீபம் ஏற்றப்பட்டது.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அந்தப் போர் எதற்காக நடந்தது? கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருப்பதா கூடாதா என்பதற்காக. 1913இல் வெள்ளைக்காரர் இருவரும் கைகுலுக்கியபோது தெற்கில் கறுப்பருக்கு ஓட்டுரிமை பறிக்கப்பட்டு, ரயிலிலும் பள்ளியிலும் தனி இடம் என்ற சட்டம் நடைமுறையில் இருந்தது. பகைவர்கள் சமாதானமானார்கள், யாருக்காகப் பகைத்துக்கொண்டார்களோ அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர்களே இதை இப்போது எடுத்துச் சொல்கிறார்கள். கைகுலுக்குவதைவிட, கைகுலுக்கும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது முக்கியம் போலும்.

ஸ்பெயினில் ஃபிராங்கோ வேறு வழி பார்த்தார். 1959இல் திறந்த மாபெரும் நினைவாலயத்தில் இரு தரப்பையும் சேர்ந்த 33,000க்கும் மேற்பட்டோரின் எலும்புகளை ஒன்றாக வைத்தார். தோற்ற தரப்பில் பலரை அவர்கள் குடும்பத்தைக் கேட்காமலே தோண்டிக் கொண்டு வந்தார்கள். பின்னாளில் அவரும் அங்கேயே புதைக்கப்பட்டார். அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை. 2019இல் அவர் உடலை அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் புதைக்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் அரசே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் ஓர் எளிய யோசனை சொன்னது. பிப்ரவரி 4, தேசிய தினத்தன்று, போரில் பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் தனியாக ஒரு நிகழ்ச்சி நடத்துங்கள் என்றது. செலவில்லாத காரியம். ஆனால் மே 18இல் வடக்கே கண்ணீரும், மறுநாள் தெற்கே ராணுவ அணிவகுப்புமாகவே பல ஆண்டுகள் ஓடின.

2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் எழுப்பியிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தனர். மூன்றாம் நாள் துணைவேந்தரே வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார். ஏப்ரலில் புதிய தூபி எழுந்தது. இடித்ததும் கட்டியதும் ஒரே வளாகத்தில், நான்கு மாதத்துக்குள்.

துயிலும் இல்லங்கள் சிலவற்றுக்குள் 2016 முதல் மக்கள் போக முடிந்தது. புதரை வெட்டிச் சுத்தம் செய்தபோது உடைந்த பெயர்க் கற்கள் மண்ணுக்குள் கிடந்தன. எது யாருடையது என்று பொருத்திப் பார்க்க வழியில்லை. கிளிநொச்சி கனகபுரத்தில் அந்தத் துண்டுகளை எல்லாம் பொறுக்கி ஒரே குவியலாக அடுக்கினார்கள். நவம்பர் 27 மாலை ஆறு மணிக்கு மேல் அம்மாக்கள் வந்து அந்தக் குவியலின் முன் விளக்கு ஏற்றுகிறார்கள்.